சும்மா உட்கார்ந்திருந்தவர்

ஜூன் 4

சின்னவளுக்கு,

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று உன் அண்ணனைக் கேட்டேன். எல்லாரும் நலம் என்று தொடங்க வேண்டுமாம். நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். அதனால் அப்படியே தொடங்குகிறேன்.

இது நான் எழுதும் முதல் கடிதம். நேற்றுக் காலையில் உட்கார்ந்தேன், இன்று பொழுது சாய்ந்துவிட்டது. திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வந்து நிற்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்துவிடுகிறது. பிறகு கோபத்தைத் தேடிப் பிடித்து வர வேண்டியிருக்கிறது. மேலே 'கோபம்' என்று எழுதியிருப்பதைப் பார். கொம்பும் காலும் எவ்வளவு எடுப்பாக நிற்கின்றன.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இதை முன்பே கற்றிருந்தால் உன் அம்மா இருந்த காலத்திலேயே எத்தனையோ விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பேன்.

கல்வி அதிகாரி வந்த நாளுக்கு வருகிறேன். வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. பார்க்கட்டும். உன் மகன் பெரியவன் சொதப்பினான். அதற்கு நான்தான் காரணம் என்றாய். விடிந்ததும் நான் சத்தமாக வாசிப்பதால் பிள்ளை கெட்டுப்போனான், இனி இந்த வீட்டில் யாரும் வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போகும்போது அவர் என் பக்கம் திரும்பி, ஐயாவும் பாடத்தில் உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் நீ சொன்னாய்:

"இல்ல சார், அவரு சும்மா உட்கார்ந்திருக்காரு."

சும்மாவா? அந்த மேசை ஓரத்தில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே உன் பாடத்தை ஒரு வருஷம் கேட்டவன் நான். ஆயுள் முழுக்கச் சுவருக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்தேன். எத்தனை எழுத்துகளை என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் அழித்திருப்பேன். இன்று எனக்கு எழுத்து தெரியும். உன் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். என்னை வகுப்பில் சேர்த்துச் சொல்லும்வரை நான் உன் அண்ணன் வீட்டிலேயே இருப்பேன், அங்கே வரமாட்டேன்.

கை வலிக்கிறது.

அப்பா

ஜூன் 11

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் வரும்.

இதை நான் எழுதுகிற நேரத்தில் குட்டி தரையெல்லாம் மாவைக் கொட்டி அதில் விரலால் 'அ' போடுகிறாள். எழுத்துப் பயிற்சி என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். பெரியவன் எது மிதக்கும் எது மூழ்கும் என்று பார்க்க என் செருப்பை வாளியில் போட்டிருக்கிறான். அது அறிவியல். வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்றால் நாள் முழுக்கப் பள்ளிக்கூடம். வீட்டுக்குப் போகிற மணி மட்டும் அடிக்காது. இதற்கு நடுவில் நீங்கள் முறுக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கினால் நான் யாரைப் பார்ப்பேன்?

அன்று நடந்ததை நீங்கள் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நான் எழுதுகிறேன். அதிகாரி நீங்கள் தினமும் காலையில் வாசிக்கிற யானைக் கதையில் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பெரியவனிடம் கொடுத்தார். அவன் கண்ணை விட்டத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "யானை தன் குடையைத் தேடி... இருடா வரேன்... சந்தைக்கு... உக்கும்... என் கண்ணாடி எங்க... சந்தைக்குப் போனது." உங்கள் இருமல் உட்பட ஒன்றுகூடத் தப்பவில்லை. அதிகாரி சந்தேகப்பட்டுப் புத்தகத்தைக் குட்டியிடம் நீட்டினார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதே பக்கத்தை அதே இருமலோடு ஒப்பித்தாள். நாலு வயது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

ஆகஸ்டில் மறுபடி வருகிறார். புத்தகத்தை அவரே கொண்டுவருவாராம். பெரியவன் வாசிக்கவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும். போன வருஷம் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் கண்ணிலும் படாமல் இவன் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். தினமும் வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் தெரியும். இந்த நிலையில் நான் அதிகாரியிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம் சார், என் மாணவர்களில் ஒருவருக்கு எழுபது வயது என்றா?

கோபம் தணிந்ததும் வாருங்கள். சோப்பைக்கூடப் பாதியாக நறுக்கி வைக்கிற மகராசி வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

சின்னவள்

ஜூன் 18

சின்னவளுக்கு,

நீ செய்த காரியத்தைக் கேள்.

உன் கடிதம் வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். நான் எப்படி வாசிப்பேன் என்று உனக்குத் தெரியும். சத்தம் வெளியே வந்தால்தான் அது என்ன சொல் என்று எனக்கே தெரியும். முதலில் வாய் சொல்லும், பிறகு காது கேட்கும், அப்புறம்தான் எனக்குப் புரியும். 'சோப்பைக்கூட' என்று வந்தது. நல்ல சொல், ஒற்றெழுத்து இரண்டு இடத்தில், திக்காமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு பெருமை. 'பாதியாக நறுக்கி' என்று வந்தது. 'மகராசி' என்று வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மருமகள் மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காதில் ஒன்று, வாய்க்கு நேரே ஒன்று மாட்டியிருந்தாள். அவள் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அலுவலகமே கேட்டதாம்.

அவள் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதுதான் பயம். மறுநாள் குளிக்கப் போனால் சோப்பு கால்வாசியாக இருந்தது.

நான் வாசிப்பதை இந்த வீட்டிலும் யாரும் விரும்பவில்லை. அதனால் உன்னிடம் ஒரு பாடம் கேட்கிறேன். வாயைத் திறக்காமல் வாசிப்பது எப்படி? நீ வாசிக்கும்போது பார்த்திருக்கிறேன், உதடு அசையாது, கண் மட்டும் ஓடும். அப்போது உள்ளே வாசிப்பது யார்? அவர் குரல் உன் குரலா? எனக்கு உள்ளே யாரும் இல்லை. வாயை மூடினால் எழுத்துகள் அப்படியே வெறும் எழுத்துகளாக நின்று என்னைப் பார்க்கின்றன.

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு முயன்று பார்த்தேன். முதல் வரியிலேயே தண்ணீர் விக்கி உன் அண்ணனுடைய செய்தித்தாள் நனைந்துவிட்டது.

'எழுபது வயது மாணவர் என்றா' என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறாய். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா

ஜூன் 27

அப்பாவுக்கு,

அண்ணியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். தயவுசெய்து இனி என் கடிதங்களை மொட்டைமாடியில் வாசியுங்கள்.

உள்ளே வாசிப்பது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. யாரோ வாசிக்கிறார்கள், நான் கேட்கிறேன். எப்படி வந்தது என்று எனக்கு நினைவில்லாததை நான் எப்படிச் சொல்லித்தருவது? இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே நாக்கு தள்ளுகிறது. தபால் வழியாக மூன்றாவது மாணவர் வேறு.

வீடு ஊமை வீடாகிவிட்டது. பெரியவன் முன்னால் புதுப் புத்தகம் ஒன்றை வைத்தேன். மூடி என் பக்கமே தள்ளினான். கெஞ்சினேன். மிட்டாய் தருகிறேன் என்றேன். மிட்டாயை வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"தாத்தா வாசிப்பாரு, நான் கேட்பேன். அதுதான் என் வேலை. நீ தாத்தாவை அனுப்பிட்ட, இப்ப எனக்கு வேலை இல்ல."

அனுப்பிவிட்டேனாம். உங்கள் மருமகன் இதைக் கேட்டுவிட்டுத் தட்டில் கையை வைத்தபடியே, பேசாமல் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிடலாமா என்றார். நான் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஒன்று கேட்கிறேன் அப்பா. வகுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று குறைப்படுகிறீர்களே, நீங்கள் என்றைக்காவது கேட்டீர்களா? எனக்கும் சொல்லிக்கொடு என்று ஒரு வார்த்தை? ஒருநாள் காலையில் தேநீர் கொண்டுவந்தேன், நீங்கள் யானைக் கதை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களையே பார்த்துக்கொண்டு தேநீரைச் சிந்திவிட்டேன். நீங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்தைத் திருப்பினீர்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள்தான் மறைத்தீர்கள்.

சின்னவள்

ஜூலை 6

சின்னவளுக்கு,

மொட்டைமாடியில் வாசித்தேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கொடியைப் பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டார். நீ கேட்ட கேள்வி நியாயமானது என்று அவர் நினைக்கிறார்.

கேட்கவில்லைதான். உன் வயதில் மகள் இருக்கிறவன், நாலு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து 'அ' சொல்லித் தா என்று எப்படிக் கேட்பேன்? கிழங்கு நறுக்கினால் அங்கே உட்கார ஒரு சாக்கு கிடைத்தது. வீட்டில் இவ்வளவு கிழங்கு எதற்கு என்று நீ சத்தம் போட்ட மாதங்களில் நான் மெய்யெழுத்துகளை முடித்துவிட்டிருந்தேன். பெரியவனை ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய் அல்லவா, அந்த நேரத்தில் நான் பதிலை மனசுக்குள் சொல்லிவிடுவேன். சரியாக இருந்தால் கிழங்கை ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பரீட்சை. என் முறை என்று ஒன்று அந்த மேசையில் இல்லவே இல்லை. அதனால்தான் நீங்கள் எழுவதற்கு முன்னால் எழுந்து வாசித்தேன். பெரியவன் போர்வையோடு வந்து மடியில் உட்கார்ந்தால் தள்ளிவிடவா முடியும்?

இப்போது முக்கியமானது. என் வீம்புக்காகப் பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் தள்ளாதே. நான் வந்தால் அவன் மறுபடி கேட்க உட்கார்ந்துவிடுவான் என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால் அதிகாரி வந்து போகும்வரை நான் இங்கேயே இருக்கிறேன். இது கோபத்தினால் இல்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு கணக்கு.

மருமகள் என்னிடம் பேசுகிறாள். வாயை மூடி வாசிக்க ஒரு வழி சொன்னாள். முதலில் முணுமுணுக்க வேண்டுமாம், பிறகு உதடு மட்டும், பிறகு அதுவும் வேண்டாமாம். பெயின்ட்டில் தண்ணீர் கலந்துகொண்டே போவது மாதிரி. முணுமுணுப்புக்கு வந்திருக்கிறேன். அவள் கெட்டவள் இல்லை. சோப்பு விஷயம் மட்டும் உண்மை.

அப்பா

ஜூலை 24

அப்பாவுக்கு,

இதை யார் முன்னாலும் வாசிக்காதீர்கள். பக்கத்து மாடியிலும் ஆள் இல்லாதபோது வாசியுங்கள்.

நேற்று முன்தினம் எனக்குத் தலைவலி. பிள்ளைகளைத் தூங்கவைக்க ஒரு கதை வாசிக்க வேண்டும், இல்லையென்றால் குட்டி விடமாட்டாள். நூலகத்திலிருந்து அன்றைக்குத்தான் கொண்டுவந்த புத்தகம். நீங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. படகுக்காரன் ஒருவன் ஆற்றைக் கடக்கிறான், கடக்கிறான், கடந்துகொண்டே இருக்கிறான். எப்போது முடியும் என்று எனக்குத் தாங்கவில்லை. எல்லாத் தாய்மாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். நடுவில் ஒரு பத்தியை விழுங்கிவிட்டுக் கரைக்குப் போய்விட்டேன்.

பெரியவன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினான். விட்ட பத்தியின் தலையில் விரலை வைத்தான்.

"இதை விட்டுட்ட."

என்னது என்றேன். அவன் எரிச்சலாக, எருமை மாட்டுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, அந்தப் பத்தியைத் தானே வாசித்தான். மெதுவாக. தடுக்கித் தடுக்கி. விரலை எழுத்துக்கு அடியில் நகர்த்தி நகர்த்தி. படகில் ஒரு ஆடு இருந்தது அந்தப் பத்தியில்தான் வருகிறது. அதை விட்டுவிட்டால் கரையில் இறங்குகிற ஆடு எங்கிருந்து வந்தது என்று என்னைத் திட்டினான்.

எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக என்னைக் கதறவைத்தவன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"உன் விரல் ஓடுது. தாத்தா விரல் ஒவ்வொரு எழுத்துலயும் நிக்கும்."

அவ்வளவுதான், தூங்கிவிட்டான். நான் ஆட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்காக நீங்கள் தலைகால் தெரியாமல் ஆட வேண்டாம். உங்கள் விரலாலா, என் பாடத்தாலா, அவனாகவேதானா, யாருக்கும் தெரியாது. மேலும், தானாக வாசிக்கிறானே தவிர, வாசி என்று சொன்னால் இன்னமும் வாசிப்பதில்லை. அதிகாரி வந்து வாசி என்றுதானே சொல்வார்?

சின்னவள்

ஜூலை 30

சின்னவளுக்கு,

தனியாக வாசிக்கச் சொன்னாய். பூங்காவுக்குப் போனேன். மூலை பெஞ்சில் ஆளில்லை என்று நினைத்து முணுமுணுத்தேன். பின்னாலிருந்த பெஞ்சில் ஒரு முடிதிருத்துபவர், கடைக்கு விடுமுறையாம், சாய்ந்து படுத்திருந்தார். நான் முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, பையன் அதிகாரிகிட்ட வாசிச்சிருவானா ஐயா என்று கேட்டார். அவரும் இப்போது கவலையில் இருக்கிறார்.

நான் ஆடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் ஆடினேன்.

ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தாயா? நீ விட்டதை அவன் பிடித்தான். வாசி என்று யாரும் சொல்லவில்லை. ஆடு காணாமல் போனதால் வாசித்தான். அதிகாரியிடம் இதைச் சொல்ல முடியாதுதான். சார், நீங்கள் ஒரு பத்தியை முழுங்குங்கள் என்று சொன்னால் நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்.

உதடு மட்டும் அசைகிற நிலைக்கு வந்துவிட்டேன். மருமகள் எதிரே உட்கார்ந்து பார்க்கிறாள். அசைந்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுகிறாள். உன்னைவிடக் கண்டிப்பு.

அப்பா

ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

அதிகாரி வந்து போனார். மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, வாசி தம்பி என்றார். பெரியவன் வாயைத் திறக்கவில்லை. நான் அவன் பின்னால் நின்று சேலை நுனியைக் கிழிக்காத குறையாகத் திருகினேன். அப்போது குட்டி நாற்காலியில் ஏறி நின்று, நான் வாசிக்கிறேன் என்று புத்தகத்தைப் பிடுங்கி, தன் இஷ்டத்துக்கு ஒரு கதையை அளந்தாள். ராஜா வந்தான், ஐஸ்கிரீம் தின்றான் என்று. பெரியவனுக்குப் பொறுக்கவில்லை. "அப்படி இல்ல, பொய் சொல்றா" என்று புத்தகத்தைத் திரும்பப் பிடுங்கி வாசித்தான். விரல் வைத்து. நிறையத் தடுக்கினான். ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, இரண்டு வரி போனபின் அர்த்தம் வரவில்லை என்று திரும்பிவந்து திருத்தினான்.

எனக்கு உயிர் போய்விட்டது. அதிகாரியோ சிரித்தார். "போன தடவை ஒரு தப்பும் இல்லம்மா, அதான் எனக்குச் சந்தேகம். இந்தத் தப்பெல்லாம் வாசிக்கிறவன்தான் பண்ணுவான்" என்றார். ஒரு வருஷத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார்.

எழுதும்போது வழக்கமான கேள்வி கேட்டார். இந்த மேசையில் படிப்பவர்கள் எத்தனை பேர், இரண்டுதானே என்றார். நான் மூன்று என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது பிள்ளை எங்கேம்மா என்றார்.

"லீவுல இருக்காரு சார்" என்றேன்.

போன தடவை நான் சொன்னது தப்பு அப்பா. அவர் முன்னால் ஏற்கெனவே அவமானப்பட்டாயிற்று, இன்னும் ஒன்று வேண்டாம் என்று நினைத்தேன். அது அவமானம் என்று நினைத்ததுதான் தப்பு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது தெரிகிறது நீங்கள் ஏன் எழுத ஆரம்பித்தீர்கள் என்று.

காலையில் உங்களுக்கு ஒரு முறை உண்டு. குட்டிக்கு அப்புறம், பெரியவனுக்கு முன்னால். மற்றவர்கள் முறையில் வாய் திறக்கக் கூடாது. கிழங்கு வேண்டாம், கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும். பெரியவனுக்குத் திங்கட்கிழமை வகுத்தல் கணக்கு ஆரம்பித்திருக்கிறேன். ரொட்டியை வெட்டி வெட்டி வீடெல்லாம் துகள்.

வந்து சேருங்கள்.

சின்னவள்

ஆகஸ்ட் 19

சின்னவளுக்கு,

உன் கடிதம் வரும்போது எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். நான் எழுந்து எங்கும் போகவில்லை. அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து பிரித்தேன். மருமகள் மேசையைத் தட்டக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தட்டவே இல்லை. கடைசி வரிவரை வாசித்தேன். உள்ளே ஒரு குரல் வந்தது. என் குரல் இல்லை, உன் குரல். நீ எழுதியதை நீயேதான் வாசித்தாய்.

உன் அண்ணன் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டான். பிள்ளை தேறிவிட்டான், அனுமதி கிடைத்துவிட்டது என்றேன். வேறு என்ன என்றான். வேறு ஒன்றும் இல்லை, எல்லாரும் நலம் என்றேன். எனக்கு வந்த கடிதங்களை ஆயுள் முழுக்கத் தபால்காரரும், கடைக்காரரும், உன் அம்மாவும் வாசித்துத்தான் நான் கேட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். இது எனக்கு மட்டும் தெரிந்த முதல் கடிதம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மருமகள் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முழுச் சோப்பு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள், ஊருக்குப் போக.

வெள்ளிக்கிழமை வருகிறேன். என்னைக் கூட்டிப்போக யாரும் இங்கே வர வேண்டாம், பேருந்தில் எழுதியிருப்பதை நானே வாசித்து ஏறிக்கொள்வேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். வகுத்தலை ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். ஒரு பிள்ளை லீவில் இருக்கும்போது புதுப் பாடம் எடுக்கலாமா? இது எந்த ஊர் நியாயம்? திங்கட்கிழமையிலிருந்து நடந்த அத்தனையையும் எனக்கு மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். ரொட்டியை அதுவரை யாரும் தொடக் கூடாது.

அப்பா